துருக்கியின் பழைய சிரிப்பும் அதைச் சேகரிப்பவர்களும்

பழைய திரைப்படங்களைத் தேடிச் சேகரிப்பவர்களின் உலகில் துருக்கிக்கு விசித்திரமானதோர் இடம் உண்டு. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒரு சேகரிப்பாளரிடம் துருக்கிய சினிமா என்று சொன்னால், பெரும்பாலும் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘துருக்கிய ஸ்டார் வோர்ஸ்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட படமாகவே இருக்கும். 1982 இல் செத்தின் இனான்ச் இயக்கத்தில், ஜுனெய்த் அர்க்கின் கதாநாயகனாக நடித்து வெளிவந்த அப்படத்தின் உண்மையான பெயர் ‘உலகத்தைக் காப்பாற்றிய மனிதன்’ என்பதாகும். ஹொலிவூட் படத்தின் விண்வெளிக் காட்சிகள் அதில் கூச்சமின்றி வெட்டி ஒட்டப்பட்டுள்ளன. பின்னணி இசையும் பிறருடைய படங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. அது நகைச்சுவைப் படமன்று. அதை எடுத்தவர்கள் எவரையும் சிரிக்கவைக்க எண்ணியதும் இல்லை. ஆயினும் உலகம் இன்று அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறது.

அதேவேளை, சிரிக்கவைப்பதற்கென்றே துருக்கியர் எடுத்த படங்கள் ஏராளமாக உள்ளன. ஐம்பது வருடங்களாக அந்த நாட்டின் வீடுகளில் அவை திரும்பத் திரும்பப் பார்க்கப்படுகின்றன. வசனங்களைச் சிறுவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எனினும் துருக்கிக்கும் துருக்கியர் குடியேறிய நாடுகளுக்கும் வெளியே அவற்றை அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஒரு நாட்டின் சினிமாவைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. அந்த நாட்டோடு சேர்ந்து சிரிப்பது வேறொன்று. சேகரிப்பாளர்களின் ஆர்வமும் பணமும் இதுவரை முதலாவதன் பக்கமே அதிகம் சாய்ந்து வந்துள்ளன. இரண்டாவதே பெறுமதி கூடியது என்பதும், அதைக் காப்பாற்றுவதற்குப் பொருளைச் சேர்த்துவைப்பது மாத்திரம் போதாது என்பதும் எனது கருத்தாகும். இவ்விரண்டையும் இங்கு விளக்க விரும்புகிறேன்.

யெஷில்சாம் என்பது இஸ்தான்புல் நகரின் பெயோலு பகுதியிலுள்ள ஒரு சிறிய தெரு. ‘பச்சைப் பைன் மரம்’ என்பது அதன் பொருள். படத் தயாரிப்பாளர்களின் அலுவலகங்கள் அந்தத் தெருவிலும் அயலிலும் நிறைந்திருந்தமையால், காலப்போக்கில் துருக்கியின் வணிக சினிமா முழுவதற்குமே அது பெயராகிவிட்டது. 1972 இல் மாத்திரம் ஏறத்தாழ 300 படங்கள் அங்கு தயாரிக்கப்பட்டன. இத்தனைக்கும் பெரிய முதலீடுகளோ வசதியான கலையகங்களோ அங்கு இருக்கவில்லை. அடானா, இஸ்மிர், சம்சுன் போன்ற நகரங்களைத் தளமாகக் கொண்ட பிராந்திய விநியோகஸ்தர்கள் கடனுறுதிச் சீட்டுகளை முற்பணமாகக் கொடுப்பார்கள். எந்த நடிகர் வேண்டும், எவ்வாறான கதை வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். தயாரிப்பாளர் அந்தச் சீட்டுகளை மாற்றிப் படத்தை எடுத்து முடிப்பார். அவசரமும் சிக்கனமும் அந்தத் தொழிலின் இயல்பாகவே இருந்தன.

அந்தச் சிக்கனத்தின் விளைவுகளில் ஒன்று, படங்கள் ஒலியின்றிப் படமாக்கப்பட்டமை. வசனங்கள் பின்னர் கலையகத்தில் சேர்க்கப்பட்டன. பல நடிகர்களுக்கு வேறொருவரே குரல் கொடுத்தார். நாடக மேடையில் பயின்ற குரற் கலைஞர்களின் ஒரு தனிப் பரம்பரையே இதனால் உருவாயிற்று. இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1958 இல் காலமான ஃபெர்தி தய்ஃபூர் என்பவர் லோரல், ஹார்டி படங்களுக்குத் துருக்கிய மொழியில் குரல் கொடுத்தபோது, அவ்விருவரையும் அந்நியர்கள் தட்டுத்தடுமாறிப் பேசும் துருக்கியில் பேசவைத்தார். மார்க்ஸ் சகோதரர்களில் ஒருவரான குரூச்சோவை ‘அர்ஷாக் பலாபியிக்யான்’ என்ற இஸ்தான்புல் ஆர்மேனியராகவே மாற்றிவிட்டார். வெளிநாட்டுப் பகிடி உள்ளூர்ப் பகிடியாகிவிட்டது. துருக்கிய நகைச்சுவையில் காட்சிக்கு நிகராகக் காதுக்கும் வேலை உண்டு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இதற்கு இன்னும் ஆழமான வேர்கள் உள்ளன. கராகோஸ் எனப்படும் நிழற்பாவைக் கூத்தில், படிக்காத கராகோஸும் படித்த ஹாஜிவாத்தும் ஒருவர் சொல்வதை மற்றவர் பிழையாக விளங்கிக்கொண்டு வாதிடுவார்கள். ‘ஒர்த்தா ஒயுனு’ எனப்படும் திறந்தவெளி நாடகத்திலும் இத்தகைய இருவர் உண்டு. இஸ்தான்புல்லில் வாழ்ந்த ஒவ்வொரு சமூகத்தவரும் தத்தம் பேச்சுமுறையோடு மேடைக்கு வந்துபோவார்கள். முல்லா கதைகள் என்று தமிழில் நாம் சிறுவயதிலிருந்தே படித்துவரும் நஸ்ருதீனைத் துருக்கியர் தம்மவர் என்றே கொண்டாடுகிறார்கள். அசடன் போலத் தோன்றுபவனே கடைசியில் அதிகாரத்தில் உள்ளவனை அசடனாக்கிவிடுவான் என்பதே அந்தக் கதைகளின் சூத்திரம். யெஷில்சாமின் சிறந்த நகைச்சுவைப் படங்கள் இந்தச் சூத்திரத்தைத்தான் எழுபதுகளின் துருக்கிக்கு ஏற்ப எடுத்தாண்டன.

அவ்வாறு எடுத்தாண்டவர்களில் முதன்மையானவர் எர்த்தெம் எயில்மெஸ். 1929 இல் பிறந்த இவர் சினிமாவுக்கு வருமுன் புத்தகப் பதிப்புத் தொழிலில் இருந்தவர். மலிவு விலைத் துப்பறியும் நாவல்களை விற்ற அனுபவம் அவருக்கு வாசகர் நாடியைப் பிடித்துப் பார்க்கும் ஆற்றலைத் தந்திருக்க வேண்டும். அறுபதுகளில் அவர் ஆரம்பித்த அர்சு ஃபில்ம் நிறுவனம் ஒரு நாடகக் குழுவைப் போல இயங்கியது. நடிகர்கள் படத்துக்குப் படம் மாறவில்லை. முனிர் ஒஸ்குலும் அதிலே நாஷித்தும் தந்தையும் தாயுமாக வருவார்கள். கெமால் சுனால், ஷெனெர் ஷென், ஹாலித் அக்சாத்தெபே, ஆய்ஷென் குருதா ஆகியோர் அவர்களைச் சுற்றி நிற்பார்கள். சாதிக் ஷெந்தில் என்ற நாடகாசிரியர் கதை வசனம் எழுதுவார். ‘செஸ்’ சஞ்சிகையில் பத்திரிகையாளராகப் பணியாற்றிய யாவுஸ் துர்குல் திரைக்கதை எழுதப் பழகியதும் இங்கேதான். அவர் எழுதிய ‘தோசுன் பாஷா’ 1976 இல் கார்த்தால் திபெத்தின் இயக்கத்தில் வெளிவந்தது. உதுமானிய ஆட்சிக்காலத்து அலெக்சாந்திரியாவில் ஒரு பசும் பள்ளத்தாக்குக்காக இரண்டு குடும்பங்கள் போட்டியிடுகின்றன. அந்தப் போட்டியில் வெல்வதற்காக வீட்டு வேலைக்காரன் ஒருவன் பெரும் பாஷாவாக வேடமிடவைக்கப்படுகிறான். அந்த வேலைக்காரன் கெமால் சுனால். இருபது வருடங்களின் பின், 1996 இல், ‘கொள்ளைக்காரன்’ என்ற படத்தை இயக்கித் துருக்கிய சினிமாவுக்குப் பார்வையாளரை மீட்டுக்கொடுத்தவரும் இதே துர்குல்தான்.

இந்தக் குழுவின் படங்களில் மிகவும் புகழ்பெற்றது ‘ஹபாபாம் சினிஃபி’. ரிஃபாத் இல்காஸ் என்ற கவிஞர் ஓர் ஆசிரியர். தமது கவிதைகளுக்காகச் சிறை சென்றவர். ஐம்பதுகளில் ‘தொல்முஷ்’ என்ற நகைச்சுவைச் சஞ்சிகையில், பரீட்சைகளில் திரும்பத் திரும்பத் தவறும் மாணவர் கூட்டமொன்றைப் பற்றி இவர் தொடராக எழுதினார். தொல்முஷ் என்பது பலர் சேர்ந்து பயணம் செய்யும் வாடகைக் கார். அதற்கேற்பத் தமக்கு இவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘ஸ்தெப்னே’. தமிழ்நாட்டில் உதிரிச் சில்லை ‘ஸ்டெப்னி’ என்கிறார்களே, அதே சொல்தான். 1975 இல் எயில்மெஸ் இதைப் படமாக்கினார். அதிலே சுல்தான் மாளிகை பாடசாலையாயிற்று. ‘பசு’ என்று பட்டம் பெற்ற ஷாபானாக கெமால் சுனாலும், உபஅதிபர் மஹ்மூத் ஆசிரியராக முனிர் ஒஸ்குலும், மணியடிக்கும் ஹாஃபிஸே அம்மாவாக அதிலே நாஷித்தும் நடித்தார்கள். மெலிஹ் கிபாரின் இசையை ஒரு தடவை கேட்டால் மறக்க முடியாது. மாணவர்கள் செய்யாத குறும்பு இல்லை. ஆனால் அவர்களை ஒரு நாளும் கைவிடாத ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அந்த ஆசிரியரின் கண்டிப்பும் கருணையும் இல்லாவிட்டால் அந்தப் படத்தின் பகிடிகள் ஒரு வருடத்தோடு முடிந்துபோயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

கெமால் சுனாலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நீண்ட முகமும் பெரிய பற்களும் கொண்ட இந்த நடிகர் கதாநாயகனுக்குரிய இலக்கணம் எதிலும் அடங்காதவர். ‘ஷாபான்’ என்ற பெயர் அவரால் துருக்கிய மொழியில் அப்பாவி அசடனைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதே மனிதர் தமது ஐம்பதுகளில் மர்மரா பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பை முடித்தார். பின்னர், தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் தமது நகைச்சுவை என்ற பொருளிலேயே ஆய்வு செய்து 1998 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். விமானப் பயணத்துக்கு அஞ்சுபவர் என அறியப்பட்டிருந்த அவர், 2000 ஆம் ஆண்டு ஜூலை 3 ஆம் திகதி படப்பிடிப்பொன்றுக்காகத் திரப்சோன் செல்லவிருந்த விமானத்தில் ஏறி, அது புறப்படும் முன்னரே மாரடைப்பால் காலமானார்.

அவரது படங்களை வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்கியவர்கள் துருக்கியிலும் இருந்தார்கள். ஆனால் கதைகளைச் சற்று உற்று நோக்குங்கள். ‘வாயிற்காவலர்களின் ராஜா’ (1976) அடுக்குமாடிக் கட்டடமொன்றின் காவலாளியைப் பற்றியது. மாடியில் வசிப்போருக்குப் பாணும் பத்திரிகையும் வாங்கிக் கொடுத்து ஏச்சு வாங்கும் அவன், அவர்களுடைய சின்னச் சின்னக் களவுகளை எல்லாம் அறிந்தவன். இந்த வேடத்துக்காக 1977 இல் அந்தாலியா திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது சுனாலுக்குக் கிடைத்தது. ‘துப்புரவுத் தொழிலாளர்களின் ராஜா’ (1977) குப்பை அள்ளும் ஒருவனும் நகரசபை அதிகாரி ஒருவனும் ஒரே பெண்ணை விரும்பும் கதை. இவ்விரண்டையும் இயக்கிய செகி ஒக்தென்தான், சிறையிலிருந்து இல்மாஸ் கினே எழுதி அனுப்பிய ‘மந்தை’ (1978) என்ற கனதியான படத்தையும் இயக்கினார். அதே 1978 இல் ஆதிஃப் இல்மாஸ் இயக்கிய ‘கிபார் ஃபெய்சோ’, மணமகனிடம் பெண் வீட்டார் வாங்கும் பரிசப் பணத்தையும், கிராமத்தையே தன் சொத்தாக நினைக்கும் ஆகா எனப்படும் நிலப்பிரபுவையும் கேலி செய்தது. 1939 ஆம் ஆண்டின் விதிகளின் கீழ் இயங்கிய தணிக்கைச் சபை 1986 வரை நீடித்த நாடு அது. நேரே சொல்ல முடியாத பலவற்றை ஷாபானின் வாயால் சொல்ல முடிந்தது.

இன்னொரு படம் நம்மவர்களுக்கு மிகவும் நெருக்கமானது. 1980 இல் எயில்மெஸ் இயக்கிய ‘பாங்கர் பிலோ’வில், ஜேர்மனிக்கு அழைத்துச் செல்வதாகக் கூறிக் கிராமத்தவர்களிடம் ஒருவன் பணம் வாங்குகிறான். லொறியில் அடைத்துக் கொண்டுவந்து இஸ்தான்புல்லில் இறக்கிவிட்டு, இதுதான் ஜேர்மனி என்கிறான். ஏமாற்றுபவனாக ஷெனெர் ஷென், ஏமாறுபவனாக இல்யாஸ் சல்மான். வெளிநாட்டுப் பயணத்துக்கென முகவர்களிடம் காணியையும் நகையையும் கொடுத்து ஏமாந்த கதைகளைப் பத்திரிகையில் வாரந்தோறும் எழுதிய எவருக்கும் அந்தக் காட்சியில் சிரிப்போடு வேறொன்றும் வரும்.

இந்தப் படங்கள் சேகரிப்பாளர்களை ஈர்ப்பதற்கு முதற்காரணம் அவற்றின் அரிதான தன்மை. பெயோலுவின் அஸ்லிஹான் பாசாஜ் என்னும் பழைய புத்தகக் கடைத் தொகுதியில் சுவரொட்டிகளும், திரையரங்கு முகப்பில் மாட்டப்பட்ட புகைப்பட அட்டைகளும் விற்பனைக்கு வரும். இணையத்திலும் அவற்றுக்குப் பெரும் சந்தை உண்டு. சுவரொட்டிகளின் வசீகரம் தனியானது. தடித்த வர்ணங்களும், உடலைவிடப் பெரிதாக வரையப்பட்ட நடிகரின் தலையும் அக்காலத்துத் தெருவையே நம் முன் கொண்டுவந்து நிறுத்திவிடும். தயாரிப்பாளர் துர்கெர் இனானோலு 2004 இல் ‘5555 சுவரொட்டிகளில் துருக்கிய சினிமா’ என்ற பெருநூலை வெளியிட்டார். பல படங்களைப் பொறுத்தவரை சுவரொட்டி மாத்திரமே எஞ்சியிருக்கிறது என்பதை எண்ணும்போது அந்த எண்ணிக்கை மகிழ்ச்சியையும் துக்கத்தையும் ஒருங்கே தருகிறது.

படச்சுருள்கள் ஏன் எஞ்சவில்லை? 1959 இல் இஸ்தான்புல் மாநகரசபையின் திரைப்படக் களஞ்சியத்தில் ஏற்பட்ட தீ, அதற்கு முந்திய காலத்துப் படங்களில் பலவற்றை அழித்துவிட்டது. பின்னைய காலத்தில் தீ தேவைப்படவில்லை. குறைந்த எண்ணிக்கையில் அச்சிடப்பட்ட பிரதிகள் மாகாணம் மாகாணமாக ஓடித் தேய்ந்தன. ஓடி முடிந்த சுருள்கள், அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக உருக்கப்பட்டதும் உண்டு. தப்பிய வர்ணப் பிரதிகள் மங்கிச் சிவந்து போயின. ஈரமும் வெப்பமும் மிகுந்த அறைகளில் கிடந்தவற்றை ‘வினாகிரி நோய்’ பற்றிக்கொண்டது. அசற்றேற் சுருள் சிதையும்போது அசற்றிக் அமிலம் வெளிப்படும். தகரப் பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கைத் துளைக்கும். 1978 இல் வெளிவந்த ‘நெஷெலி கின்லெர்’ என்ற படத்தில், ஊறுகாய்க்குப் போடவேண்டியது எலுமிச்சைச் சாறா, வினாகிரியா என்ற சண்டையில் முனிர் ஒஸ்குலும் அதிலே நாஷித்தும் பிள்ளைகளைப் பங்கிட்டுக்கொண்டு பிரிந்துவிடுவார்கள். ஊறுகாயைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். சினிமாவைப் பொறுத்தவரை வினாகிரி எதிரிதான்.

அரச நிறுவனங்கள் முற்றாகத் தூங்கின என்று கூறுவது நியாயமாகாது. சாமி ஷெகெரோலு என்பவர் 1962 இல் மாணவராக ஆரம்பித்த சினிமாக் கழகம் வளர்ந்து, பின்னர் மிமார் சினான் பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக் காப்பகமாயிற்று. 1965 இல் ஒனாத் குத்லார் முதலானோர் ஆரம்பித்த சினிமாத்தெக் 1980 ஆம் ஆண்டு இராணுவப் புரட்சியோடு மூடப்பட்டது. ஆனால் இத்தகைய இடங்களில் கலைப்படங்களுக்குக் கிடைத்த மரியாதை, ஷாபான் படங்களுக்கு அக்காலத்தில் கிடைத்திருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. மக்கள் மிகவும் விரும்பியதை அறிவாளிகள் பேணவேண்டியதாகக் கருதுவதில்லை. எல்லா நாடுகளுக்கும் பொதுவான துயரம் இது.

இடைவெளியை நிரப்பியவர்கள் சாதாரண மக்களே. எண்பதுகளில் ஜேர்மனியில் வாழ்ந்த துருக்கியத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தாய்மொழித் தொலைக்காட்சி கிடைக்கவில்லை. வீடியோ கசெட்டுகளே அவர்களின் மாலைநேரத் துணை. பலசரக்குக் கடைகளிலும் வாடகைக்கு விடப்பட்ட அந்தக் கசெட்டுகள், துருக்கியிலேயே சுருள் அழிந்துபோன பல படங்களை இன்றைக்கும் தாங்கி நிற்கின்றன. காட்சித் தரம் குறைவுதான். ஆயினும் அகதியாகவும் தொழிலாளியாகவும் அந்நிய நாட்டில் வாழ்பவன் தன் சிரிப்பைக் கையோடு கொண்டுபோகிறான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அந்தப் பழைய கசெட்டுகளுக்கு இன்று இன்னொரு பெறுமதியும் சேர்ந்துள்ளது. 2008 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி துருக்கியத் தொலைக்காட்சிகளில் புகைத்தற் காட்சிகளைக் காட்ட முடியாது. 2013 இல் மதுபானக் காட்சிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. இதனால் பழைய படங்களை ஒளிபரப்பும்போது சிகரெட்டுகளின் மீது ஒரு புகைமூட்டப் பொட்டு வைக்கப்படுகிறது. ‘ஹபாபாம் சினிஃபி’யில் மாணவர்கள் கழிப்பறையில் ஒளிந்து புகைப்பதும், மஹ்மூத் ஆசிரியர் கையும் களவுமாகப் பிடிப்பதும் படத்தின் முக்கியமான பகிடிகளுள் ஒன்று. கையில் இருப்பது என்னவென்றே தெரியாவிட்டால் சிரிப்பது எவ்வாறு? பொதுச் சுகாதாரத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிய தலைமுறை காணும் பிரதி முழுமையானதன்று என்பதால், வெட்டப்படாத, மறைக்கப்படாத பிரதியைத் தேடிவைக்கும் ஒருவர் வெறும் பொழுதுபோக்காளர் அல்லர்.

உரிமை பற்றியும் சொல்லவேண்டும். துருக்கியின் 1951 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் உரிமையாளராகத் தயாரிப்பாளரையே கருதியது. இயக்குநர், கதாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரைக் கூட்டு உரிமையாளர்களாக ஏற்றுக்கொண்ட திருத்தம் 1995 இல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன் எடுக்கப்பட்ட படங்களுக்குப் பொருந்தவில்லை. தொண்ணூறுகளில் தனியார் தொலைக்காட்சிகள் பெருகி, ஷாபான் படங்களை ஓயாமல் ஒளிபரப்பின. நடித்தவர்களுக்குக் கிடைத்தது படப்பிடிப்புக் காலத்துச் சம்பளம் மாத்திரமே. ஒரு நாடு முழுவதையும் அரை நூற்றாண்டு சிரிக்கவைத்த உழைப்புக்கு ஒரே ஒரு தடவைதான் கூலி. சுவரொட்டிக்குப் பெருந்தொகை கொடுக்கும் சேகரிப்பாளர், அந்தப் பணத்தில் ஒரு சதமேனும் அதில் சிரித்துக்கொண்டிருப்பவரின் வீட்டுக்குப் போவதில்லை என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவது எனது நோக்கமல்ல. கிரேக்கரான பில் பரூனிஸ் 2000களில் ‘ஒனார் ஃபில்ம்ஸ்’ என்ற சிறிய வெளியீட்டகத்தை நடத்தி, அழியும் நிலையிலிருந்த துருக்கிய அதிரடிப் படங்கள் பலவற்றை மிகக் குறைந்த எண்ணிக்கையில் டிவிடிகளாக வெளியிட்டார். அமெரிக்கரான எட் கிளேசர், ‘உலகத்தைக் காப்பாற்றிய மனிதன்’ படத்தின் 35 மி.மீ. பிரதியொன்றைத் தேடிப் பெற்று அதை டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றினார். ஜேர்மனியில் பிறந்த செம் காயாவின் 2014 ஆம் ஆண்டு ஆவணப்படம், எந்த வறுமையில் அந்தப் படங்கள் எடுக்கப்பட்டன என்பதை எடுத்தவர்களின் வாயாலேயே சொல்லவைத்தது. கேலியில் ஆரம்பித்த ஆர்வம் மரியாதையில் முடிந்த சந்தர்ப்பங்கள் இவை. இவர்களுக்குத் துருக்கி கடமைப்பட்டுள்ளது.

ஆனால் கேலியோடு நின்றுவிட்டவர்களே அதிகம். ‘துருக்கிய ஸ்டார் ட்ரெக்’ என்று அவர்கள் பெயரிட்டு வைத்திருக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். சாத்ரி அலிஷிக் என்ற சிறந்த நடிகர் ‘சுற்றுலாப் பயணி ஒமெர்’ என்னும் ஊர்சுற்றிப் பாத்திரத்தில் 1964 இலிருந்து வரிசையாகப் பல படங்களில் நடித்தார். வேலைவெட்டி இல்லாத, ஆனால் எவருக்கும் தலை குனியாத நகரத்து ஏழை அந்த ஒமெர். ஹுல்கி சானெர் 1973 இல் இயக்கிய கடைசிப் படத்தில் ஒமெர் விண்கலத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அந்த அமெரிக்கத் தொடர் ஹொலிவூட்டில் திரைப்படமாவதற்கு ஆறு வருடங்களுக்கு முன்னர் நடந்த கதை இது. எபேசஸ் நகரின் பண்டைய இடிபாடுகள் வேற்றுக் கிரகமாகக் காட்டப்பட்டன. அனுமதியின்றி எடுத்தது உண்மை. ஆனால் எடுத்தவர்கள் தெரிந்தே செய்த நையாண்டி அது. தர்க்கமே பேசும் விண்வெளி அதிகாரியிடம் இஸ்தான்புல் தெருப் பேச்சைப் பேசினால் என்ன நடக்கும் என்பதே அங்கு பகிடி. அந்தப் பகிடி புரியாதவர் அட்டை விண்கலத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். புரிந்தவர் விண்கலத்தில் இருப்பவர்களைப் பார்த்து ஒமெரோடு சேர்ந்து சிரிக்கிறார். சேகரிப்பாளரின் அலுமாரியில் அது ஹொலிவூட் படமொன்றின் பெயருக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கும்வரை ஒமெர் என்றொருவன் இருந்ததே தெரியவராது.

நகைச்சுவை மொழியோடு பின்னியது, அதை மொழிபெயர்க்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் நஸ்ருதீன் கழுதையில் ஏறி உலகம் முழுவதும் போகவில்லையா? வாயிற்காவலனை அதட்டும் வீட்டுக்காரனும், லொறியில் ஏற்றி ஏமாற்றும் முகவனும் எந்த நாட்டில் இல்லை? ஒழுங்கான உபதலைப்புகளோடு வெளியில் கிடைக்கும் அர்சு ஃபில்ம் படங்கள் மிகச் சிலவே. கிடைப்பவற்றிலும் வசனத்தின் பாதி காணாமற்போயிருக்கிறது. மொழிபெயர்க்க முடியாது என்று முடிவுகட்டுவதற்கு முன், எவராவது ஒழுங்காக முயன்று பார்க்கவேண்டும் அல்லவா?

இந்தப் படங்களில் குறையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். கிழக்குப் பிரதேசத்து மக்களின் உச்சரிப்பை வைத்துப் பண்ணப்படும் பகிடிகள் சில இன்று கசக்கின்றன. பெண்ணைக் கன்னத்தில் அறைவது காதலின் அடையாளமாகச் சில இடங்களில் காட்டப்படுகிறது. அவற்றை வெட்டி எறியவேண்டும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு சமூகம் எதைப் பார்த்துச் சிரித்தது என்பது, எதைப் பார்த்து அழுதது என்பதைவிட அந்தச் சமூகத்தை அதிகம் காட்டிக்கொடுக்கும். அந்தச் சாட்சியம் முழுமையாக இருக்கட்டும்.

எனவே சேகரிப்பாளர்களிடம் எதிர்பார்ப்பது என்ன? சுருளோ கசெட்டோ கையில் இருப்பவர், என்ன இருக்கிறது என்பதை வெளியில் சொல்லவேண்டும். பிறர் பிரதி எடுத்துவிட்டால் தன்னிடம் உள்ளதன் விலை குறையும் என்ற அச்சத்தில் பூட்டிவைக்கப்படும் சுருள், பூட்டின் உள்ளேயே வினாகிரியாகிவிடும். சுவரொட்டிக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை உபதலைப்புகளுக்குச் செலவிடலாம். முகம் தெரியாத குரற் கலைஞர்களின் பெயர்களைத் தேடிப் பதிவு செய்யலாம். எழுத்தோட்டத்தில் இடம்பெறாத அவர்களை அறிந்தவர்கள் வருடாவருடம் குறைந்து வருகிறார்கள். ‘ஹபாபாம் சினிஃபி’யில் நடித்தவர்களுள் அதிலே நாஷித் 1987 இலும், தாரிக் அகான் 2016 இலும், ஹாலித் அக்சாத்தெபே 2017 இலும், முனிர் ஒஸ்குல் 2018 இலும் காலமாகிவிட்டார்கள். கேட்டறிவதற்கு இனி அதிக காலம் இல்லை.

கட்டடங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. யெஷில்சாம் தெருவில் 1924 இலிருந்து இருந்துவந்த எமெக் திரையரங்கு, கலைஞர்களும் மக்களும் வீதியில் இறங்கி எதிர்த்தபோதிலும் 2013 இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த வணிகத் தொகுதியின் மேல்மாடியில் பழைய அலங்காரங்களோடு ஒரு மண்டபம் அமைத்திருக்கிறார்கள். 2021 இல் பெயோலுவில் சினிமா அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இவை இருப்பது நல்லதே. ஆயினும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பேணுவது ஒன்றே வழி என்று துருக்கியரின் நகைச்சுவை மரபே கருதவில்லை.

அந்த மரபில் ஒரு பழைய தலைப்பாகை உண்டு. கெல் ஹசன் என்ற நடிகரிடமிருந்து இஸ்மாயில் தும்புல்லுவுக்கு வந்த அதனை, அவர் 1968 இல் முனிர் ஒஸ்குலின் தலையில் வைத்தார். ஒஸ்குல் அதை 1989 இல் ஃபெர்ஹான் ஷென்சோயிடம் கொடுத்தார். ஷென்சோய் 2016 இல் ராசிம் ஒஸ்தெகினிடமும், ஒஸ்தெகின் 2020 இல் ஷெவ்கெத் சோருஹ்விடமும் கையளித்தனர். துருக்கிய நகைச்சுவை தொடர்பான பொருட்களில் இதைவிட அரிதானது வேறொன்று இருக்க முடியாது. ஏலத்தில் விட்டால் எந்தச் சேகரிப்பாளரும் சொத்தை விற்றாவது வாங்குவார். ஆனால் அது விற்பனைக்கு இல்லை. சிரிக்கவைக்கத் தெரிந்த ஒருவர், சிரிக்கவைக்கத் தெரிந்த இன்னொருவருக்குக் கொடுப்பதற்காகவே அது இருக்கிறது. படச்சுருளைக் கையில் வைத்திருப்பவர்களும் தம்மை அந்த வரிசையில் நிற்பவர்களாக எண்ணிக்கொண்டால், யெஷில்சாமின் சிரிப்பு இன்னும் பல தலைமுறைகளுக்குக் கேட்கும்.